காராஃபுக்குள் காஃப்கா: சுற்றுவதா, விழுங்குவதா?

மெசேஜ் கடத்தும் சர்வரான காஃப்காவோடு பேச உதவும் கிளையண்ட் ஜாரை (ஜாவா கிளாஸ்களின் தொகுப்புக் கோப்பு) அப்படியே தூக்கி, ஜாவா நிரல்களை ஓட்டும் அப்பாச்சி காராஃபில் போட்டால் எடுபடாது. காராஃப் பின்பற்றும் ஓஎஸ்ஜிஐ முறையில் ஒரு ஜார் பண்டில் (மாட்யூல்) ஆக வேண்டுமென்றால் மேனிஃபெஸ்ட்டில், அதாவது ஜாருக்குள் இருக்கும் விவரக் கோப்பில், அதற்கென்று ஒரு பெயர் வேண்டும். வெளியிலிருந்து எந்தெந்த பேக்கேஜ் தேவை என்பது இம்போர்ட்-பேக்கேஜ் வரியில் இருக்க வேண்டும். அந்த ஜாரில் இரண்டுமே கிடையாது. மேவன் பில்ட் கருவியின் பாம் கோப்பு எல்லா டிபென்டென்சியையும் (தேவைப்படும் மற்ற ஜார்களை) இழுத்து வருமே என்றால், ஜாரை ஏற்றும்போது காராஃப் பாமை எட்டிக்கூடப் பார்க்காது.

சோம்பேறிகளின் வழி, என் முதல் வழியும் அதுதான்: ஜாரின் முகவரிக்கு முன்னால் ‘வ்ராப்:’ (சுற்று) என்று சேர்த்து இன்ஸ்டால் பண்ணுவது. பிஎன்டி கருவி ஜாரைத் துழாவி மேனிஃபெஸ்ட்டைத் தானே எழுதிவிடும். பண்டில் ‘ஆக்டிவ்’ என்று பச்சையாகச் சிரிக்கும். வில்லங்கம் அங்கேதான். வ்ராப் எழுதும் இம்போர்ட்கள் எல்லாமே ஆப்ஷனல்; இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தம். எங்கள் டெஸ்ட் சர்வரில் கம்ப்ரெஷன் போடவில்லை, எல்லாம் ஓடியது. புரொடக்‌ஷனில் எல்இசட்4 கம்ப்ரெஷன் போட்டிருந்தோம். முதல் மெசேஜ் கிளம்பும்போதே நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர், அதாவது கிளாஸைக் காணோம். அவசரமாக எல்இசட்4 பண்டிலை ஏற்றியும் அதே எரர். ஆப்ஷனல் இம்போர்ட், பண்டில் ரிசால்வ் ஆகும்போதுதான் (தேவைகளைத் தேடிப் பொருத்தும் கட்டம்) இணைக்கப்படும். காஃப்கா பண்டிலை ரெஃப்ரெஷ் பண்ணாமல் புதிதாக வந்தவரை அது கண்டுகொள்ளாது. இது உறைக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

சர்வீஸ்மிக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தார் காஃப்கா ஜாரை ஏற்கெனவே பண்டிலாக்கி மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் கிடங்கில் வைத்திருப்பதை எடுப்பது அடுத்த வழி. வெர்ஷனின் வாலில் ‘_1’ என்றிருந்தால் அவர்கள் சரக்கு. தேவையானது இல்லையென்றால் ஏற்றும்போதே ‘மிஸ்ஸிங் ரிக்வயர்மென்ட்’ என்று பேக்கேஜ் பெயரோடு கத்தும். ‘பண்டில்:டயக்’ கமாண்டும் அதையே சொல்லும். கத்தட்டும், நல்லதுதான். ஒன்றைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். பொறுமையாக ஃபீச்சர் கோப்பில் (காராஃப் ஏற்ற வேண்டிய பண்டில்களின் பட்டியல்) சேர்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். நமக்கு வேண்டிய வெர்ஷன் அவர்களிடம் இல்லாவிட்டால் மட்டும் கை கட்டி நிற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது விழுங்குவது. மேவன் பண்டில் பிளகினில் எம்பெட்-டிபென்டென்சி போட்டு, காஃப்காவையும் அதன் பரிவாரத்தையும் நம் பண்டிலின் வயிற்றுக்குள்ளேயே வைத்துவிடுவது. இப்போது நான் பெரும்பாலும் செய்வது இதுதான். லாக் எழுதும் நூலகமான எஸ்எல்எஃப்4ஜேவை மட்டும் விழுங்கக் கூடாது, அதைக் காராஃபே தருகிறது. விழுங்கிய ஜார்களின் இம்போர்ட்களும் நம் தலையில்தான் விழும். ஓஆத் லாகினின் டோக்கனைச் சரிபார்க்க மட்டும் வேண்டிய ஜோஸ்4ஜே நூலகம் கூட அதில் எட்டிப்பார்க்கும். அந்த லாகின் உங்களிடம் இல்லையென்றால் அதை மட்டும் பெயர் சொல்லி ஆப்ஷனல் ஆக்குங்கள். நட்சத்திரக் குறி போட்டு மொத்தத்தையும் ஆப்ஷனல் ஆக்கினால் மறுபடி வ்ராப் கதைதான்.

காஃப்காவிலிருந்து வரும் மெசேஜைத் தாங்கும் கன்ஸ்யூமர்ரெக்கார்டையே பண்டில்களுக்கு இடையே கைமாற்றுகிறீர்கள் என்றால் விழுங்குவது சரிப்படாது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கிளாஸை ஏற்றும் கிளாஸ்லோடர் வேறு, கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள். அங்கே சர்வீஸ்மிக்ஸ் பண்டில்தான்.

எந்த வழியில் போனாலும் ஒரு எரர் காத்திருக்கலாம்: எழுத்துகளை பைட்களாக மாற்றும் ஸ்ட்ரிங்சீரியலைசர் கிளாஸைக் காணோம். டிபென்டென்சி எதுவும் குறையவில்லை, அந்த கிளாஸ் காஃப்கா ஜாருக்குள்ளேயே இருக்கிறது. கான்ஃபிகில் பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் காஃப்கா அதை த்ரெட்டின் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரில் தேடும். காராஃபில் அதற்குக் காஃப்காவைத் தெரியாமல் போகலாம். எந்த பேக்கேஜையும் ஓடும்போதே தேட விடும் டைனமிக்இம்போர்ட்டில் நட்சத்திரம் போட்டுப் பார்க்கத் தோன்றும், வேண்டாம். சீரியலைசர் ஆப்ஜெக்ட்டையே, மெசேஜ் அனுப்பும் புரொட்யூசரின் கன்ஸ்ட்ரக்டரில் கொடுங்கள். முடியாவிட்டால் புரொட்யூசரை உருவாக்கும் வரிக்கு முன் கான்டெக்ஸ்ட் கிளாஸ்லோடரை நல் (null, வெறுமை) ஆக்கினால் காஃப்கா தன் சொந்த லோடரில் தேடிக்கொள்ளும். ஃபைனலி பிளாக்கில் பழைய லோடரைத் திருப்பி வைத்துவிடுங்கள்.