வாரண்டி தகராறு: 1915-ஐ அழைப்பதா, ஆணையத்துக்குப் போவதா?

வாங்கி எட்டு மாதமான போனில் சார்ஜ் ஏறவில்லை. வாரண்டி ஒரு வருடம். சர்வீஸ் சென்டரில் கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். "பார்ட்ஸ் வரல, அடுத்த வாரம் வாங்க." இல்லையென்றால், "தண்ணி பட்டிருக்கு, வாரண்டி கிடையாது." முதலாவது இழுத்தடிப்பு, இரண்டாவது மறுப்பு. எந்த வழியில் போவது என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

இழுத்தடிப்புக்கு 1915 நல்ல வழி. தேசிய நுகர்வோர் உதவி எண் அது. செலவில்லை, தமிழிலும் பேசலாம், வாட்ஸ்அப்பிலும் பதியலாம். புகார் எண் கொடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பார்கள். உள்ளூர் கிளையில் யாரும் கண்டுகொள்ளாத விஷயம், மேலிடத்துக்குப் போனதும் நகரத் தொடங்குவது உண்டு. ஆனால் அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது; வழக்குக்கு முந்தைய சமரச ஏற்பாடு மட்டுமே. "வாடிக்கையாளர் கையாண்டதில்தான் பழுது" என்று நிறுவனம் எழுதி அனுப்பிவிட்டால், யார் சொல்வது உண்மை என்று போனைத் திறந்து பார்க்க அங்கே வழியில்லை.

அதற்கான இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தேவைப்பட்டால் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்க அதற்கு அதிகாரம் உண்டு. பழுது நீக்கவோ, வேறு பொருள் தரவோ, பணத்தைத் திருப்பவோ உத்தரவிடலாம், இழப்பீடும் கிடைக்கும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. எல்லாவற்றையும் விட, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இதற்கு முன்பிருந்த 1986 நுகர்வோர் சட்டத்தில் இந்த வசதி இல்லை. பெங்களூருவிலிருந்தோ குருகிராமிலிருந்தோ ஆன்லைனில் வரவழைத்த பொருளுக்குத் தென்காசியிலேயே நியாயம் கேட்க முடிவது சின்ன விஷயமில்லை.

குறை என்றால் காலதாமதம்தான். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து 3 மாதத்தில், ஆய்வு தேவையென்றால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வருடக்கணக்கில் போகும் வழக்குகள் உண்டு. ஆய்வுக் கட்டணத்தையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். பத்தாயிரம் ரூபாய் போனுக்கு இந்த அலைச்சல் வேண்டாம் என்று ஒருவர் விட்டுவிட்டால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். டிவி, ஃபிரிட்ஜ், லேப்டாப் என்றால் விடக் கூடாது.

எந்த வழியில் போனாலும் வழக்கின் பாதி சர்வீஸ் சென்டர் கவுன்டரிலேயே முடிவாகிவிடுகிறது. பல போன்களில் சிம் ட்ரே போகும் துளைக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும்; ஈரம் பட்டால் சிவப்பாகிவிடும். போனைக் கொடுக்கும் முன் டார்ச் அடித்து அதையும், சார்ஜிங் போர்ட்டையும், நான்கு மூலைகளையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். போனை எடுத்துக்கொண்டு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் 'பிசிகல் டேமேஜ்' என்று டிக் அடித்திருக்கிறார்களா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை ஆணையத்தில் நிரூபிப்பது கஷ்டம்.

அப்புறம், வாரண்டி எத்தனை நாள் என்பதில் நம் சட்டம் கை கொடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுப் பொருளுக்குக் குறைந்தது 2 ஆண்டு விற்பனையாளர் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. இங்கே கார்டில் என்ன அச்சடித்திருக்கிறதோ அதுதான் கணக்கு. இது மாற வேண்டும்.

1915-இல் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்கள் கெடுவை மறக்கக் கூடாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும். உதவி எண்ணில் புகார் நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கு நிற்காது. ஒரு மாதம் பாருங்கள், அசைவில்லை என்றால் நோட்டீஸ் அனுப்பிவிட்டு வழக்குப் போடுங்கள். தயாரித்த நிறுவனம், விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூன்றையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை ஒருவர் கைகாட்டித் தப்பிக்க முடியாது.