பக்கவாதத்துக்குப் பின் தனியாகப் பறக்க: விமான நிலைய வீல்சேர் சேவை எப்படி?

ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் பலவீனமாகி, கூடவே வந்துகொண்டிருந்த துணையும் போய்ச் சேர்ந்த பிறகு, "இனி எங்கே தனியாகப் போவது" என்று வீட்டோடு முடங்கிவிடுகிறவர்கள் நிறைய. டாக்டர் சம்மதித்து, கைத்தடியோடு பத்தடி நடக்க முடிந்தால் தாராளமாகப் போகலாம். அதற்கு இந்த வீல்சேர் சேவை போதும். ஒரே குறை, தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு உங்களுக்கு எந்தப் பக்கம் வராது என்பது தெரியாது. முன்பு அதைத் துணை சொல்லியிருப்பார். இப்போது நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும்.

டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேளுங்கள். விட்டுப்போனால் 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள். உடல் இயலாதவர்களுக்கு இது இலவசம். இதில் மூன்று வகை உண்டு. டபிள்யூ.சி.எச். என்ற வீல்சேர் குறியீட்டுக்குப் பின்னால் வரும் கடைசி எழுத்துதான் வகையைச் சொல்லும். ஆர் என்றால் படி ஏறுவார், நெடுந்தூரம் நடக்கமாட்டார். எஸ் என்றால் படி ஏறமாட்டார், விமானத்துக்குள் நடப்பார். சி என்றால் நடக்கவே முடியாதவர். ஒரு பக்கம் வராதவர்களில் பலர் 'ஆர்' போட்டுவிட்டு, பஸ்ஸில் கொண்டுபோய் விமானப் படிக்கட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டதும் திகைத்து நிற்பார்கள். படி கஷ்டமென்றால் 'எஸ்' போடுங்கள். ஏரோபிரிட்ஜ் (விமானக் கதவுவரை நீளும் நடைபாலம்) இல்லாத இடத்தில் அம்புலிஃப்ட் (வீல்சேரோடு விமானக் கதவுவரை தூக்கிவிடும் வண்டி) கேட்க அதுதான் ஆதாரம்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் வராத காலைக் குனிந்து பாருங்கள். உணர்ச்சி குறைந்த பாதம் கால்மிதியிலிருந்து நழுவித் தரையில் இழுபடும், உங்களுக்குத் தெரியாது. கையும் அப்படித்தான், சக்கரத்தின் பக்கம் தொங்கும். அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுப்பும்போது உதவியாளர் நல்லெண்ணத்தில் அந்தக் கையையே பிடித்து இழுப்பார். தளர்ந்த தோள்மூட்டு அதில் இறங்கிப்போகும், வலி மாதக்கணக்கில் நிற்கும். "இந்தக் கையை இழுக்காதீங்க தம்பி, இடுப்பைப் பிடிங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சு குழறுகிறவர்கள் இதை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

சீட் விஷயத்தில் கவனம் வேண்டும். இடப்பக்கம் வராதவர்களுக்கு 'சி' சீட், வலப்பக்கம் வராதவர்களுக்கு 'டி' (மூன்று மூன்றாகச் சீட் உள்ள விமானங்களில்). நல்ல கை நடைபாதைப் பக்கம் இருந்தால்தான் ஊன்றி எழ முடியும், வராத கையில் தள்ளுவண்டியும் இடிக்காது. அவசர வழி வரிசையைத் தரமாட்டார்கள். மடக்குகிற கைத்தடி நல்லது. நான்கு கால் தடி மேலே பெட்டி வைக்கும் இடத்துக்குப் போய்விடும், எடுத்துத் தர ஆள் தேட வேண்டும்.

கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். கேட்டில் விட்டுப் போகும் முன் உதவியாளரிடம் சொல்லி ஒருமுறை போய்வந்துவிடுங்கள். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. போனில் அவசரத் தொடர்பாக இன்னமும் மறைந்தவரின் எண்தான் இருக்கும். மாற்ற மனசு வராது. எண்ணை அழிக்க வேண்டாம், அவசரத் தொடர்பில் மட்டும் மகள் எண்ணையோ பக்கத்து வீட்டு எண்ணையோ போடுங்கள். டிக்கெட் செயலியில் சேமித்த பயணிகள் பட்டியலையும் பாருங்கள், பழைய பழக்கத்தில் இரண்டு பேருக்கு டிக்கெட் விழுந்துவிடும்.

இறங்கும்போது கடைசியாகத்தான் கூட்டிப்போவார்கள். அதனால் அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். லக்கேஜ் எடுத்து, கார் ஏறும் இடம்வரை கொண்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பெல்ட் பக்கத்திலேயே விட்டுவிட்டுப் போனாலும் போவார்கள்.