டெயில் பிரஷ் வாங்குகிறவர்களே, சாம்பிளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

டிபிஎம் (சுரங்கம் தோண்டுகிற மெஷின்) வேலையில் இருப்பவர்கள், குறிப்பாக பர்ச்சேஸ், ஸ்டோர் பக்கம் இருப்பவர்கள், அடுத்த டெயில் பிரஷ் ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்கு வந்த சரக்கை வெளியே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. உள்ளே கம்பி பாதிதான், பிளேட்டும் ஸ்பிரிங் ஸ்டீல் இல்லை. பணத் தகராறு இன்னும் முடியாததால் கம்பெனி பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும், பெயர் எதுவாக இருந்தாலும் பிடித்துவிடலாம்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம். மெஷினின் வால் பகுதிக்குள்தான் செக்மென்ட் ரிங், அதாவது சுரங்கச் சுவராக நிற்கிற கான்கிரீட் துண்டுகளின் வளையம், கட்டுகிறோம், மெஷின் முன்னே போகப் போக ரிங் பின்னால் வெளியே வருகிறது. டெயில் ஸ்கின்னுக்கும் (வால் பகுதியின் வெளித் தகடு) ரிங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி வழியாக நிலத்தடி நீர், மணல், ரிங்கின் வெளிப்பக்கத்தை நிரப்ப நாமே அடிக்கிற கிரவுட் (சிமென்ட் கலவை) எல்லாம் உள்ளே வரப் பார்க்கும். அதைத் தடுப்பது சுற்றிலும் வரிசையாக வைத்த கம்பி பிரஷ்களும் வரிசைகளுக்கு நடுவில் அழுத்தத்தோடு நிற்கிற கிரீஸும்தான். 10 மீட்டர் நீர்மட்டத்துக்கு ஏறக்குறைய 1 பார் என்று கணக்கு வைத்தால், 30 மீட்டர் நீருக்குக் கீழே போகிறபோது 3 பார் அந்த இடைவெளியை எந்நேரமும் தள்ளிக்கொண்டிருக்கும். கிரீஸ் அழுத்தம் அதைவிடக் கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும். பிரஷ் கிரீஸைப் பிடித்து வைக்கவில்லை என்றால் பம்ப் எவ்வளவு ஓடினாலும் பிரயோஜனம் இல்லை.

இது பணத்தோடு போகிற விஷயமும் இல்லை. 2018 பிப்ரவரி 7 அன்று சீனாவில் ஃபோஷான் மெட்ரோ 2-வது பாதையில் வால் பகுதி வழியாக நீரும் மணலும் புகுந்து, சுரங்கமும் மேலே இருந்த சாலையும் இடிந்து 11 பேர் இறந்தார்கள். டெயில் சீல் வலுவிழந்ததை விசாரணை ஒரு காரணமாகவே சொன்னது.

சரி, எங்கள் கதை. சாம்பிள் அருமையாக இருந்தது. மெல்லிய கம்பி நெருக்கமாக, நடுவில் வலைத் தகடு, இரண்டு பக்கமும் ஸ்பிரிங் பிளேட், வைஸில் பிடித்து வளைத்துவிட்டால் டக்கென்று நிமிர்ந்தது. அதை வைத்துத்தான் ஆர்டர் போனது. மொத்தச் சரக்கு வந்தபோது பெட்டியோடு மில் சர்டிபிகேட் (ஸ்டீல் ஆலை தருகிற தரச் சான்று), கம்பெனியின் சொந்த டெஸ்ட் ரிப்போர்ட், பளபளப்பான லேபிள் எல்லாம் இருந்தன. டிராயிங்கில் மட்டும் பிளேட்டின் தடிமன் இருந்ததே தவிர என்ன ஸ்டீல், என்ன ஹார்ட்னஸ் என்று எழுத வேண்டிய கட்டம் காலி. கேட்டதற்கு "ஸ்டாண்டர்ட் சார், எல்லா சைட்டுக்கும் இதான் போகுது" என்று பதில்.

மெஷினைத் தோண்ட விடுவதற்கு முன், அதை இறக்குகிற குழியில் வைத்தே பின் வரிசைகளை வெல்டிங் செய்து, முன் வரிசையை போல்ட் போட்டு மாட்டினோம். முதல் நிரப்பு கிரீஸைக் கம்பிகளைப் பிரித்துப் பிரித்து அடிவரை கையால் அடைத்தோம், ஒவ்வொரு வரிசையையும் போட்டோ எடுத்து வைத்தோம். அந்த போட்டோக்கள் பின்னால் எங்களைக் காப்பாற்றின.

நேர் ஓட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை. வளைவில்தான் குட்டு வெளிப்பட்டது. வளைவில் போகும்போது ஒரு பக்கம் இடைவெளி சுருங்கி பிரஷ் நசுங்கும், எதிர்ப்பக்கம் விரியும். வளைவு மாறித் திரும்பும்போது நசுங்கிய பக்கம் மறுபடி விரிய வேண்டும், நல்ல பிரஷ் கூடவே எழுந்து ரிங்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும். எங்களுடையது எழவில்லை. நசுங்கினது நசுங்கினபடியே கிடந்தது. முதலில் அந்தப் பக்கத்து கிரீஸ் அறையில் அழுத்தம் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது, கிரீஸ் செலவு எகிறியது, அப்புறம் செக்மென்ட் ஓரமாக சாம்பல் நிறத்தில் கிரவுட் கசிய ஆரம்பித்தது. கிரவுட் ஒரு தடவை பிரஷுக்குள் போய் இறுகிவிட்டால் அது பிரஷ் இல்லை, கட்டை.

செக்மென்டின் வெளிப்பக்கம் ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினோம், செக்மென்ட் துளைகள் வழியாகப் பாலியூரித்தேன் அடித்துப் பின்பக்கத்தை அடைத்தோம். அது தாங்கியதும் மெஷினைக் கொஞ்சம் கூடுதலாக முன்னே தள்ளி, கைக்கு எட்டுகிற முன் வரிசையை மட்டும் கழற்றி மாற்றினோம். எங்கள் மெஷினில் அது போல்ட் வரிசை. பின்னால் இருப்பவை வெல்டிங் செய்தவை, அவற்றுக்கு வெளியே நேராக மண்ணும் தண்ணீரும். சுரங்கத்தின் நடுவில் அங்கே கை வைக்க வேண்டுமானால் சுற்றியுள்ள மண்ணையே உறைய வைப்பது மாதிரி பெரிய ஏற்பாடு வேண்டும். பிரஷ் விலையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

கழற்றியதில் ஒன்றை எடுத்து எங்கள் வெல்டர் கையால் இழுத்தார். ஒரு கொத்துக் கம்பி அப்படியே கையோடு வந்துவிட்டது. ஸ்டோரில் பிரிக்காமல் இருந்த புதிய பிரஷ் ஒன்றை எடுத்து வெட்டினோம். வெளிச் சுற்றில் இருந்த கம்பிகள் முழு நீளம், அடிப்பிடி வரை போயிருந்தன. உள்ளே இருந்ததெல்லாம் பாதி உயரத்துத் துண்டுக் கம்பி, கிளாம்ப் வாயில் பிடிபடாமல் சும்மா செருகி வைத்தது. மேலே நெல், உள்ளே பதர். நடுவில் இருக்க வேண்டிய வலைத் தகடு இல்லவே இல்லை. பிளேட்டை கிரைண்டரில் வைத்ததும் வெல்டர், "அண்ணே, பொறியைப் பாருங்க, பூக்கவே மாட்டேங்குது, இது சாதா இரும்புண்ணே" என்றார். கார்பன் அதிகம் உள்ள ஸ்பிரிங் ஸ்டீலின் பொறி நுனியில் கிளைவிட்டு நட்சத்திரம் மாதிரி வெடிக்கும், சாதா இரும்பின் பொறி நீளக் கோடாகப் போய் அணைந்துவிடும். பிறகு ஹார்ட்னஸ் மீட்டர் வைத்துப் பார்த்ததில் அவர் சொன்னதுதான் சரி. மில் சர்டிபிகேட்டை மறுபடி எடுத்துப் பார்த்தால் அதிலிருந்த ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த ஸ்டீல் என்று காட்டுகிற எண்) பிளேட்டுக்கே இல்லை, கம்பிச் சுருளுக்கு உரியது.

அதன் பிறகு சப்ளையர் பேசிய பேச்சுதான் எரிச்சல். முதலில் கிரீஸ் சரியாக அடைக்கவில்லை என்றார்கள், போட்டோ அனுப்பினோம். செக்மென்டில் படி (பக்கத்துத் துண்டுகள் மட்டம் விலகி நிற்பது) இருக்கிறது, அது பிரஷைக் கிழித்துவிட்டது என்றார்கள், ரிங் அளவுகளை அனுப்பினோம். ஆபரேட்டர் ஷீல்டை (மெஷினின் உடலை) பின்னுக்கு நகர்த்தியிருப்பார், பிரஷ் தலைகீழாக மடங்கியிருக்கும் என்றார்கள். இந்த மூன்றுமே நிஜமாக பிரஷைக் கெடுக்கிற விஷயங்கள்தான், அதனால்தான் கேட்கிறவருக்கு நியாயமாகப் படும். பெட்டி பிரிக்காத புது பிரஷை வெட்டி எடுத்த வீடியோவை அனுப்பியதும், "அந்த பேட்ச் வெளியே கொடுத்து செய்தது சார்" என்று குரல் மாறியது. அப்புறம் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நடுவில் சமாதானமாக கன்வேயர் பெல்ட் துடைக்கிற பிரஷ் ஒரு செட் இலவசமாகத் தந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்திருக்கும்போது விறைப்பாக இருந்தது, ஈரக் களிமண் ஓடும் பெல்ட்டில் போட்டதும் துவண்டுவிட்டது. நைலான் 6 தண்ணீரை நிறைய உறிஞ்சும், உறிஞ்சினால் விறைப்பு போய்விடும். ஈரத்தில் ஓடுகிற பிரஷுக்கு நைலான் 6.12 மாதிரி தண்ணீர் குறைவாகக் குடிக்கிற இழை வேண்டும். பாலியஸ்டர் இழை இன்னும் குறைவாகத்தான் உறிஞ்சும், ஆனால் சிமென்ட் காரம் படுகிற இடத்தில் அது நாளடைவில் கெடும். எந்த இழை என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், வெறும் "நைலான்" என்றால் வாங்காதீர்கள்.

டெயில் பிரஷுக்கு இப்போது நாங்கள் செய்வது இதுதான். ஒப்புக்கொண்ட சாம்பிளில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு சீல் வைத்து நம் ஸ்டோரிலேயே பூட்டி வைக்கிறோம். ஒரு பிரஷின் எடை இவ்வளவு என்று ஆர்டரிலேயே எழுதி, வந்ததும் தராசில் போடுகிறோம். கம்பியைக் குறைத்தவர்கள் எடையில் மாட்டுவார்கள், பிளேட்டைத் தடியாகப் போட்டு ஈடுகட்டப் பார்த்தால் காலிப்பரில் மாட்டுவார்கள். ஒவ்வொரு பேட்சிலும் நாமே கைபோன போக்கில் எடுத்த ஒன்றை வெட்டிப் பார்ப்போம், அந்த ஒன்றின் விலை நம் கணக்கில் போகட்டும், பரவாயில்லை. இன்னொன்றை டெயில் இடைவெளி எவ்வளவு சுருங்குமோ அந்த அளவுக்கு நசுக்கி, ஒரு ராத்திரி அப்படியே கிளாம்பில் விட்டுக் காலையில் அவிழ்ப்போம். முக்கியமானது இதுதான், ஏனென்றால் சாதா இரும்பும் ஒரு தடவை வளைத்துவிட்டால் ஓரளவு நிமிர்ந்து காட்டும், நாள் கணக்கில் நசுங்கிக் கிடந்துவிட்டு எழுவதுதான் ஸ்பிரிங்கின் வேலை. வெட்டிப் பார்க்கக் கூடாது, கியாரண்டி போய்விடும் என்று சொல்கிற சப்ளையரிடம் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

பில் பாக்கியை நிறுத்தி வைத்திருக்கிறோம், பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டிருக்கிறது. இதற்கிடையில் வேறு ஒரு கம்பெனி பெயரில் புதிதாக ஒரு கொட்டேஷன் வந்தது. பிரித்துப் பார்த்தால் அதே டிராயிங், அதே எழுத்து, ஸ்டீல் கிரேடு எழுதுகிற கட்டம் இதிலும் காலி. விலை மட்டும் முன்பைவிடக் குறைவு.