ஃபிராஸ்ட் க்ளாத் ரிவ்யூ: மூடுனது போச்சு, மூடாதது பொழச்சுக்கிச்சு

ஃபிராஸ்ட் க்ளாத்னா குளிர்ல செடி கருகாம இருக்க மேல போத்தற துணி. ரேட்டிங்க மொதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 3. வருஷா வருஷம் வர்ற சாதாரண ஹூஸ்டன் குளிருக்கு இது நல்ல சாமான்தான், ஆனா 2021 பிப்ரவரில டெக்சாஸையே உறைய வெச்ச மாதிரி ஒரு குளிர் வந்துச்சுன்னா இத நம்பி நிம்மதியா தூங்கப் போயிடாதீங்க.

நாங்க இருக்கறது ஹூஸ்டன ஒட்டுன கேட்டி பக்கம். வாங்குனது சதுர கஜத்துக்கு 1.5 அவுன்ஸ் வெயிட் வெள்ளைத் துணி, 10க்கு 30 அடி. நெசவே கிடையாது, பாலிப்ராப்பிலீன், சர்ஜிக்கல் மாஸ்க் செய்யற அதே மெட்டீரியல்தான். வெளிச்சமும் தண்ணியும் உள்ள போகும், அதனால ஒரு ரெண்டு நாள் எடுக்காம விட்டாலும் செடி அவிஞ்சு போகாது, பிளாஸ்டிக் ஷீட்டுக்கு இது எவ்வளவோ மேல். பாக்கெட்ல வெளிய விட உள்ள 8 டிகிரி வரைக்கும் கூட வெச்சு காப்பாத்தும்னு போட்டிருந்தாங்க, நான் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்ததுல 5, 6 ஃபாரன்ஹீட் வந்துச்சு, அதுவும் காத்து இல்லாத ராத்திரில.

ஒண்ணு புரிஞ்சுக்கணும், துணி தானா சூடு குடுக்காது. பகல்ல மண்ணு வாங்கி வெச்ச சூடு ராத்திரி மேல வரும்ல, அத வெளிய விடாம புடிச்சு வெக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. அதனால நாலு பக்கமும் தரை வரைக்கும் இறக்கி ஓரத்துல செங்கல் வெச்சு அழுத்தணும். எங்க தெருவுல பாதிப் பேரு மரத்தோட தலைய மட்டும் மூட்டையா கட்டி தண்டோட சேத்து முடிச்சு போட்டுடறாங்க, கீழேர்ந்து வர்ற சூட்டுக்கு உள்ள போக வழியே இல்ல, அதுல ஒரு பிரயோஜனமும் கிடையாது.

சரி 2021க்கு வருவோம். பிப்ரவரி 16ந் தேதி காலைல ஹூஸ்டன் ஏர்போர்ட்ல 13 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 10 செல்சியஸுக்கும் கீழ (டல்லாஸ்ல மைனஸ் 2 ஃபாரன்ஹீட், 1949க்கு அப்புறம் அங்க அவ்வளவு குளிரே இல்ல). 13ல துணி ஒரு 6 ஏத்துனாலும் 19தான, கறிவேப்பிலை அதுக்கு ரொம்ப முன்னாடியே கைய விரிச்சிடும். துணிக்குள்ள பழைய மாடல் கிறிஸ்துமஸ் பல்பு சரம் போட்டா சூடு குடுக்கும்னு சொல்லுவாங்க, அது உண்மைதான், எல்இடி போட்டா குடுக்காது, ஆனா அந்த வாரம் கரண்டே இல்லாம வீட்டுக்குள்ளயே நாங்க ஜாக்கெட்டோட உக்காந்திருந்தோம், இதுல கறிவேப்பிலைக்கு எங்க பல்பு போடறது.

ரிசல்ட்தான் வேடிக்கை. பேஷியோல தொட்டில இருந்த கறிவேப்பிலைக்கு ரெண்டு மடிப்பு துணி, ராஜ மரியாதை, அது வேரோட போச்சு. தொட்டிக்கு நாலு பக்கமும் குளிர் அடிக்குது, உள்ள இருக்கற கொஞ்சூண்டு மண்ணு மொத்தமும் உறைஞ்சிடுது, துணி புடிச்சு வெக்கறதுக்கு அங்க சூடே இல்ல. அதே கறிவேப்பிலைல இன்னொண்ணு தெக்குச் செவத்த ஒட்டி தரைல இருந்துச்சு, துணி பத்தலன்னு அடில மரத்தூள் மல்ச் (வேர மூடற மூடாக்கு) மட்டும் குவிச்சு விட்டுட்டோம். மேல எல்லாம் கருகி காஞ்சு போச்சு. ஏப்ரல் கடைசில மல்ச்ச வெலக்கிப் பாத்தா வேர்லேர்ந்து செவப்பு கலந்த பச்சைல ஒரு குட்டி முளை, கிள்ளி மோந்து பாத்தா சாட்சாத் கறிவேப்பிலைதான். வீட்ல அன்னிக்கு இருந்த குஷிய கேக்காதீங்க, ஏன்னா டெக்சாஸ்ல இது சும்மா கெடைக்கற செடி இல்ல, எலுமிச்சை குடும்பத்துச் செடிகளத் தாக்கற பூச்சி பரவும்னு வெளி ஸ்டேட்லேர்ந்து வரவழைக்கவே தடை.

முருங்கைய மூடவே இல்ல, 12 அடி மரத்த எங்க மூடறது. தண்டு தொளதொளன்னு அழுகி, கை வெச்சா தண்ணி கசிஞ்சுது, தரையோட அறுத்துப் போட்டோம். மே மாசம் அந்தக் கட்டைய சுத்தி அஞ்சாறு தளிர், அடுத்த தீபாவளிக்குள்ள கூரைய தொட்டுடுச்சு. முருங்கைய ஒடிச்சு வளக்கணும்னு சொல்லுவாங்கல்ல, இங்க ஒடிக்கற வேலைய குளிரே பாத்துக்குது. காய்தான் லேட், கீரைக்குப் பஞ்சமே இல்ல.

மயில்கொன்றையும் அப்படித்தான், இங்க பிரைட் ஆஃப் பார்படோஸ்னு விக்கறாங்க. மே வரைக்கும் செத்த குச்சியாவே நிக்கும், பொறுமை இல்லாம தோண்டிப் போட்டவங்க நிறைய பேரு. மாதுளை, அத்தி பத்தி கவலையே வேணாம். சந்தேகமா இருந்தா நகத்தால பட்டைய லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள பச்சை இருந்தா உசுரு இருக்கு, பழுப்புன்னா கொஞ்சம் கீழ போய் சுரண்டுங்க.

ஒரே ஒரு ஏமாத்து கேஸ் மேயர் லெமன்னு ஒரு எலுமிச்சை வகை. துணி போட்டும் மேல செத்து, அடிலேர்ந்து ஜம்முன்னு துளிர் வந்துச்சு, ஆனா மூணு மூணு இலை, விரல் நீள முள்ளு, பாத்தா வில்வம் மாதிரியே இருக்கு. ஒட்டுக்கு அடில இருக்கற டிரைஃபோலியேட் ஆரஞ்சு அது, அந்த வேர்க்கட்டைக்கு குளிரெல்லாம் தூசு, மேல ஒட்டி வெச்ச லெமன் போயாச்சு. பழம் வரும்னு தண்ணி ஊத்திட்டு இருக்காதீங்க, வந்தாலும் கசப்பும் கொட்டையும்தான். எங்களுது இப்போ பச்சைக் குப்பை பைல.

அதுக்கப்புறம் வந்த குளிர்கள்ல துணி தன் பேர காப்பாத்திக்கிச்சு, அதுக்குத்தான் அந்த 3 ஸ்டார். 2025 ஜனவரி 21ல பனி கொட்டுனப்போ உள்ள இருந்த மல்லி, செம்பருத்தி ரெண்டும் தப்பிச்சுது. ஆனா பனி வெயிட்ல துணி அமுங்கி எங்கெங்க இலைய தொட்டுச்சோ அங்க மட்டும் திட்டுத் திட்டா கருகல், அதனால மூங்கில் குச்சியோ பிவிசி பைப் வளைவோ குடுத்து தூக்கி நிறுத்துங்க. கூட வர்ற கிளிப் ஒரு காத்துக்கே பறக்குது, துணி உலத்துற கிளிப்பு போதும். வெயில்ல போட்டு வெச்சா மடிப்புல பொடியா உதிருது, வேலை முடிஞ்சதும் கராஜ்ல வெச்சிடுங்க. வாங்கறதா இருந்தா 1.5 அவுன்ஸுக்குக் கம்மியா வாங்காதீங்க, தொட்டிச் செடிக்காக மட்டும்னா வாங்கவே வேணாம், தொட்டிய கராஜ்குள்ள தள்ளிடுங்க.