கழற்றி மாட்டும் அலமாரிக்கு எந்தப் பலகை: ரப்பர் மரமா, ப்ளைவுட்டா, பார்ட்டிக்கிள் போர்டா?

11 மாத ஒப்பந்தத்தில் வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் அலமாரி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, மூன்றாவது வீட்டிலும் அது ஆடாமல் நிற்குமா என்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம். என் தேர்வு ரப்பர் மரப் பலகை. சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு படிக்கலாம்.

மேலோட்டமான வேறுபாடுகள் எல்லோருக்கும் தெரிந்தவையே. மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு மலிவு, தண்ணீர் பட்டால் ஊதும். ப்ளைவுட் உறுதியானது, ஆனால் மைக்கா, ஓரத்தில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் பட்டை, ஒட்டும் கூலி எல்லாம் சேர்த்தால் ரப்பர் மரத்தின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். இடிக்கும் வீடுகளில் கிடைக்கும் பழைய தேக்கு அருமையான மரம்தான். ஆனால் ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு கனம், உள்ளே எங்கே ஆணி இருக்கிறதென்று தெரியாது. ஒரே அளவில் பத்துப் பெட்டி செய்து அலமாரியாக அடுக்க அது தோதுப்படாது.

சுற்றுச்சூழல் கணக்கில் மூன்றுமே அவ்வளவு மோசமில்லை. ரப்பர் மரம் 25, 30 ஆண்டு பால் எடுத்தபின் மறுநடவுக்காக எப்படியும் வெட்டப்படுகிறது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் அதை விறகாகவும் பெட்டி அடிக்கவும் கொடுத்த காலம் உண்டு. நம் ஊர் ப்ளைவுட்டில் பெரும்பகுதி வயல் ஓரத்தில் வளர்த்த பாப்லர், யூக்கலிப்டஸ் மரங்களில் இருந்து வருவது. கேரளத்துப் பெரும்பாவூர் ஆலைகள் ரப்பர் மரத்தையே உரித்து ப்ளைவுட் செய்கின்றன. பார்ட்டிக்கிள் போர்டு அறுவை மில் கழிவைப் பயன்படுத்துகிறது. அதனால் மரம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, செய்த பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதே பெரிய வித்தியாசம். நான்கு ஆண்டில் குப்பைக்குப் போகும் ‘பசுமை’ அலமாரியால் யாருக்கும் லாபமில்லை. பசை விஷயத்தில் மட்டும் ஒன்று: ப்ளைவுட், போர்டு வாங்கினால், பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவு குறைந்த ஈ1 தரமா என்று கேட்டு வாங்குங்கள். சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோல் ஒட்டிய ஃபிங்கர் ஜாயிண்ட் ரப்பர் பலகையில் பசை இணைப்புக் கோடுகளில் மட்டுமே இருப்பதால் இந்தக் கவலை குறைவு.

இனி முடிவைத் தீர்மானிக்கும் விஷயம், மூட்டு.

கடையில் பெட்டியில் அடைத்து வரும் பார்ட்டிக்கிள் போர்டு அலமாரிகள் பெரும்பாலும் மினிஃபிக்ஸ் என்ற மூட்டில் நிற்பவை. கிடைப்பலகையில் 15 மி.மீ. குழிக்குள் ஒரு கேம் (திருப்பி இறுக்கும் வட்டு), பக்கப்பலகையில் 5 மி.மீ. துளையில் திருகிய ஒரு போல்ட். கேமைத் திருப்பினால் போல்ட்டின் தலையைக் கவ்வி இழுக்கும். முதல் தடவை கச்சிதமாக இருக்கும். பிரச்சினை கேமில் இல்லை, அந்த 5 மி.மீ. துளையில் இருக்கிறது. போல்ட்டின் மரை நேரடியாக அழுத்திய மரத்தூளைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு தடவை இழுபடும்போதும், கழற்றும்போதும் அந்தத் தூள் உதிரும். இரண்டு, மூன்று தடவையில் பிடிப்பு தளர்ந்து அலமாரி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். ஆடுகிறதே என்று கேமை மேலும் முறுக்கினால் துத்தநாகக் கலவைக் கேம் உடையும், அல்லது போல்ட் தூளோடு பிய்ந்து வரும். சரிசெய்ய வழி உண்டு: துளையை 10 மி.மீ. ஆக்கி, மரமுளையைப் பசையிட்டு இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி 5 மி.மீ. துளையிட வேண்டும். ஆனால் ஒரு முறை ஈரம் குடித்து 18 மி.மீ. பலகை 20 ஆகிவிட்டால் துளைகளே நேர் வராது, அதற்கு மருந்தில்லை.

ப்ளைவுட்டில் அதே மினிஃபிக்ஸ் நன்றாகவே உழைக்கும், ஏனென்றால் மரை குறுக்கும் நெடுக்குமான நாரைப் பிடிக்கிறது. மலிவு ப்ளைவுட்டில் மட்டும் உள்ளே இடைவெளி இருந்தால் ஓரத்தில் 8 மி.மீ. துளையிடும்போது பிளக்கும். தாளை அறுத்த ஓரத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். ப்ளைவுட்டின் பலவீனம் வேறு. ஏற்றி இறக்கும்போது மைக்காவின் முனை சில்லாகப் பெயரும். பெயர்ந்ததை இழைத்துச் சரிசெய்ய முடியாது, முழுத் தாளையும் மாற்ற வேண்டும்.

ரப்பர் மரத்தில் மினிஃபிக்ஸை விட்டுவிட்டு எம்6 (6 மி.மீ.) ஆலன் போல்ட்டும், பக்கவாட்டில் மரைத்துளை உள்ள உருளை வடிவ பேரல் நட்டும் போடுவதே சரி. இரும்பு மரை இரும்பு மரையைப் பிடிக்கிறது. எத்தனை தடவை கழற்றினாலும் மரம் தேயாது. 18 மி.மீ. பலகைக்கான அளவுகள் இவை. பக்கப்பலகையில் 7 மி.மீ. ஊடுதுளை. கிடைப்பலகையின் முனையில், கனத்தின் நடுவில், அதே 7 மி.மீ. துளை 40 மி.மீ. ஆழத்துக்கு. முனையிலிருந்து 25 மி.மீ. உள்ளே, கீழ்ப்பக்கத்தில் 10 மி.மீ. குழி, 15 மி.மீ. ஆழம், 12 மி.மீ. நீள பேரல் நட் அதில் உட்காரும். போல்ட் 50 மி.மீ. ஒரு மூட்டுக்கு இரண்டு போல்ட், நடுவில் பசையில்லாத 8 மி.மீ. மரமுளை ஒன்று. முளை இல்லாவிட்டால் பாரம் முழுதும் போல்ட்டின் மேல் விழும், மாட்டும்போது பலகையும் வழுக்கும்.

தவறுவது இரண்டு இடத்தில். குழிக்குக் கூர்முனை நீண்ட டிரில் பிட் போட்டால் 15 மி.மீ. இறங்குவதற்குள் முனை மேல்பக்கம் எட்டிப் பார்க்கும். முனை குட்டையான பிட்டும் ஆழத்தடுப்பும் வேண்டும். இரண்டாவது, பலகை முனையில் போடும் துளை ஒரு மி.மீ.க்கு மேல் விலகினால் போல்ட் நட்டைப் பிடிக்காது. கையால் குறித்துத் துளையிடாமல் ஒரு கட்டைத் துண்டில் துளைகளுக்கு வழிகாட்டும் அச்சு செய்துகொள்ளுங்கள். எல்லாப் பெட்டிக்கும் அது ஒன்றே போதும். பலகைகள் ஒன்றுக்கொன்று இடம் மாறினாலும் பொருந்துவதற்கு இதுதான் காரணம்.

அளவை 8×4 அடித் தாளில் இருந்தே எடுங்கள். 1220 மி.மீ. அகலத்தில் 300 மி.மீ. பட்டை நான்கு, 2440 நீளத்தில் 800 மி.மீ. துண்டு மூன்று. மொத்தம் 12 துண்டு. ஒரு பெட்டிக்கு 800 துண்டு இரண்டு, இன்னொன்றைப் பாதியாக வெட்டி இரண்டு பக்கம். தாளுக்கு நான்கு பெட்டி, வீணாவது மிகக் கொஞ்சம். முதுகுக்கு 6 மி.மீ. ப்ளைவுட் வேண்டும், அதில்லாமல் பெட்டி கோணும். ஒரு பெட்டி முதுகு நீங்கலாக சுமார் எட்டுக் கிலோ. ஒருவரே மாடிப்படி ஏற்றலாம்.

வளைவுக் கணக்கும் ரப்பர் மரத்துக்கே சாதகம். மீட்டருக்கு 30 கிலோ புத்தகம் என்றால், 800 மி.மீ. நீளத்தில் 18 மி.மீ. ரப்பர் பலகை ஏறத்தாழ ஒரு மி.மீ.தான் தொய்யும், ப்ளைவுட் இரண்டு, பார்ட்டிக்கிள் போர்டு நான்கு. போர்டு அதோடு நிற்காது, மாதங்கள் போகப் போக அந்தத் தொய்வு இரட்டிக்கும். போர்டுதான் வேண்டுமென்றால் நீளத்தை 600க்குள் வையுங்கள்.

இனி ரப்பர் மரத்தின் குறைகள். மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், கோடையில் சுருங்கும், 300 மி.மீ. பலகையில் இது சுமார் 2 மி.மீ. மேலே சொன்ன பெட்டியில் நான்கு பலகையின் ரேகையும் சுற்றி ஒரே போக்கில் ஓடுவதால் எல்லாம் சேர்ந்தே அசையும், பாதகமில்லை. இழுப்பறை வைத்தால்தான் சிக்கல்: இழுப்பறை ஓடும் இரும்பு சானல் ரேகைக்குக் குறுக்கே உட்காருகிறது. முன் திருகை வட்டத் துளையிலும் பின் திருகை நீள்துளையிலும் போடுங்கள், இல்லையேல் பலகை வெடிக்கும். பெரிய கதவுகளை ரப்பர் மரத்தில் செய்யவே வேண்டாம், நெளியும். அங்கே ப்ளைவுட்தான். கோடையில் பலகையின் கனமும் நூலளவு குறைவதால் போல்ட்டுகள் தளரும். மே மாதத்தில் ஒரு தடவை ஆலன் கீயால் கால் சுற்று இறுக்கினால் போதும்.

பூச்சி இன்னொன்று. மாவுச்சத்து மிகுந்த மரம், போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தாவிட்டால் துளைப்பான் வண்டு விடாது. அலமாரிக்கடியில் மாவு போல் தூள் கொட்டினால் அதுதான். போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறும் என்பதால் சிங்குக்கு அடியிலும் குளியலறை ஓரத்திலும் இது ஆகாது, அங்கே ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட் போடுங்கள். கடலோர வீடுகளில் போல்ட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் எடுப்பது நல்லது. உப்புக்காற்றில் பலகை பல ஆண்டு எப்படித் தாங்கும் என்பதில் எனக்கு அனுபவம் குறைவு.

வாங்கும்போது ஈரமானி வைத்துப் பாருங்கள், 8 முதல் 12 சதவீதம் இருக்க வேண்டும். நீலக்கறை படிந்த துண்டுகளை ஒதுக்குங்கள். வெட்டிய முனைகளில் பாலிஷுக்கு முன் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைத் தடவுங்கள். தண்ணீர் சார்ந்த பி.யு. (பாலியூரிதேன்) பூச்சை இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் அடிக்க வேண்டும். தெரியும் பக்கம் மூன்று, மறைந்த பக்கம் ஒன்று என்று ஆசாரி மிச்சம் பிடித்தால், அடுத்த மழைக்குள் பலகை ஓடு போல வளையும்.