தலை அளவுத் திருத்தம்: ஒரே பொத்தானில் வேலை முடியுமா?

குழந்தைகளின் எம்ஆர்ஐ படங்களிலிருந்து மூளைப் பகுதிகளின் கன அளவை எடுத்துத் தரும் ஒரு கட்டண மென்பொருளை ஆறு மாதமாகப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம். வேகம் பிரமாதம், அறிக்கையும் பார்க்க அழகு. சிக்கல் எல்லாம் 'தலை அளவுத் திருத்தம்' என்ற ஒற்றைப் பொத்தானில்தான்.

அதை அழுத்தினால் ஹிப்போகாம்பஸ், அமிக்டலா என்று மூளையின் எல்லாப் பகுதிகளின் அளவையும் மண்டையோட்டின் உட்கன அளவால் வகுத்துவிடுகிறது. தலை பெரிதாகும் அதே விகிதத்தில் ஒவ்வொரு பகுதியும் பெரிதாகும் என்ற கணக்கு. நிஜத்தில் பல பகுதிகள் அப்படி ஈடுகொடுப்பதில்லை; பெரிய தலைக்காரப் பிள்ளைகளுக்கு அவை சின்னதாகத் தெரிகின்றன. சராசரியில் பையன்களின் தலை பெரிது என்பதால், பெண்பிள்ளைகளோடு ஒப்பிடும்போது முடிவே தலைகீழாகலாம்.

கடைசியில் திருத்தாத எண்களை இறக்கி, உட்கன அளவை ரிக்ரஷனில் (ஒவ்வொரு காரணியின் பாதிப்பையும் பிரித்துப் பார்க்கும் புள்ளியியல் கணக்கு) ஒரு மாறியாகச் சேர்த்து நானே கணக்கிட்டேன். வயதையும் தனியாகச் சேர்த்தேன், மூளை அளவு வயதோடு ஒரே சீராகக் கூடுவதில்லையே. ஆறு வயதிலேயே மூளை பெரியவர்களின் அளவில் சுமார் 90 சதவீதத்தைத் தொட்டுவிடும். கைக்குழந்தை என்றால் கதையே வேறு.

இன்னொரு கூத்து, புறணியின் (மூளையின் வெளி அடுக்கு) தடிமனையும் வகுத்து வைத்திருந்தது! தலை அளவோடு சேர்ந்து கூடுவது பெரும்பாலும் பரப்பளவுதான், தடிமன் அவ்வளவாக மாறாது. அப்புறம், உட்கன அளவையே பெரியவர்களின் அட்லஸோடு (மாதிரி மூளைப் படம்) பொருத்தித்தான் மதிப்பிடுகிறது. ஸ்கேனில் அசைந்துவிட்ட நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்கு வந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தேவிட்டேன். பொருத்தம் கழுத்துப் பக்கம் நழுவியிருந்தது.

திருத்தாத எண்களையும் மறைக்காமல் தருகிறார்கள், அதற்காக மூன்று நட்சத்திரம்.