பூலாம்பட்டியில் முழுப் படகு பேசிப் போகலாமா?

கோவையிலும் ஈரோட்டிலும் படகுப் பயணம் என்ற பேச்சு எழுந்தால் ஆலப்புழைக்கு ரயிலேறுவதே வழக்கமாகிவிட்டது. எடப்பாடியை அடுத்த பூலாம்பட்டியில், காவிரியின் நடுவே ஒரு படகை முழுவதும் நம் வீட்டாருக்கென வாடகைக்குப் பேசிக்கொண்டு போக முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களோ 'குட்டிக் கேரளா' என்ற பெயரை நம்பி, சமையலறையும் படுக்கையறையுமாக மிதக்கும் கெட்டுவள்ளத்தை எதிர்பார்த்து வந்து முகம் சுளிக்கிறார்கள்.

இங்கே ஓடுவது ஊர்க்காரர்களைக் கரை சேர்க்கும் விசைப்படகு. கிழக்குக் கரையில் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டி, மேற்குக் கரையில் ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. இடையே ஆற்றைப் படகில் கடக்காவிட்டால் சாலையில் சுற்றித்தான் போக வேண்டும் என்பதால், வேலைக்குச் செல்பவர்கள் இருசக்கர வாகனத்தையும் படகிலேயே ஏற்றிக்கொண்டு நாள்தோறும் போய்வருகிறார்கள். அந்தப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்ட படகில் மெத்தை இருக்கையைத் தேடுவது நியாயமில்லை. பலகையில் அமர வேண்டும். இயந்திர ஓசையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது? என் மதிப்பீட்டில், தண்ணீர்தான். மேட்டூர் அணைக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என நீர்மின் உற்பத்திக்காக அடுத்தடுத்துக் கதவணைகள் கட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கிவைக்கும் நீர்ப்பரப்பில்தான் இந்தப் படகுகள் செல்கின்றன. டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது மேட்டூர் அணையின் மரபு. அந்த மாதங்கள் கழிந்து, கீழே கரூர்ப் பக்கம் மணல் திட்டுகள் வெளியே தெரியும் கோடையிலும், இங்கே ஆறு பெரும்பாலும் கரை தொட்டு அகன்று நிற்பதற்குக் கதவணையே காரணம். நீரோட்டத்தின் இழுப்புக் குறைவாக இருப்பதால் படகு அலைக்கழிவதில்லை. முதியவர்களை அழைத்துச் சென்றாலும் அச்சமின்றி அமர்ந்திருப்பார்கள்.

முழுப் படகைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எதிர்க்கரைக்குப் போய்த் திரும்புவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குப் பொதுப் படகில் தலைக்கு இவ்வளவு எனக் கொடுத்துப் போவதே போதும். தனிப் படகின் பயன், ஆற்றின் போக்கிலேயே நெடுக்காகச் செல்வதில் இருக்கிறது. இருபுறமும் வயலும் தென்னையும் தொடர, மேற்கே பாலமலைத் தொடர் உயர்ந்து நிற்க, சிறிது தூரம் சென்றதும் இயந்திரத்தை அணைத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். சத்தம் அடங்கிய அந்தச் சில நிமிடங்களுக்காகவே வாடகை கொடுக்கலாம். எதுவரை, எவ்வளவு நேரம், என்ன தொகை என்ற மூன்றையும் ஏறுவதற்கு முன்பே படகுத்துறையில் பேசி முடித்துவிடுவது நல்லது. எந்தத் துறையானாலும் உயிர்காப்புக் கவசத்தை வெயிலுக்குப் புழுங்குகிறது என்று கழற்றி வைக்காதீர்கள். நம்மவர்கள் புகைப்படத்துக்காக அதைக் கழற்றும் வேகம் வியப்பளிக்கிறது.

இயந்திர ஓசையே வேண்டாம் என்பவர்களுக்குக் காரமடையைத் தாண்டிய பரளிக்காட்டில், பில்லூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வனத்துறை நடத்தும் பரிசல் பயணம் பொருந்தும். ஆனால் அதற்கு முன்பதிவு வேண்டும். நினைத்த நேரத்தில் போய் இறங்க முடியாது. பூலாம்பட்டியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கரையில் சுடச்சுட வறுத்துத் தரும் ஆற்று மீனும் அங்கே உண்டு. பயணத்துக்கு முன்பே அதைச் சாப்பிட்டுவிட்டால் கூட்டத்தில் காத்திருக்க வேண்டியதில்லை.

கிளம்புமுன் இரண்டு செய்திகளை விசாரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, மேட்டூரிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவு. 2018இலும் 2024இலும் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டதுபோல வெள்ளம் வரும் நாட்களில் படகு ஓடாது. இரண்டாவது, கதவணையில் பராமரிப்புப் பணி நடக்கிறதா என்பது. அப்போது தேங்கிய நீரை வெளியேற்றிவிடுவார்கள், படகுகளும் கரையேறிவிடும். இரண்டும் இல்லாத வார நாள் ஒன்றில் மாலை நான்கு மணிக்குத் துறைக்குப் போய்ச் சேர்ந்தால், வெயிலும் தணிந்திருக்கும். படகுக்காரரிடம் நிதானமாகப் பேசி முடிக்கவும் நேரம் இருக்கும்.